ஓரத்தில் நின்ற பூட்டி

1978 நவம்பர் 23 சூறாவளியும் 2004 டிசம்பர் 26 சுனாமியும் எங்கள் மட்டக்களப்புக் கரையில் மிச்சம் வைத்த பழைய படங்கள் கொஞ்சம்தான். செட்டிபாளையத்துப் பிள்ளையொன்று வரலாற்றுப் பாடத்துக்குக் கொண்டுவந்த குடும்பப் படத்தைக் கென்வஸில் பெருப்பித்தோம். ஓரத்தில் நின்ற பூட்டியின் பாதி முகம் சட்டத்தின் பக்கவாட்டில் மடிந்துபோனது! பூட்டிக்கு வேறு படமே இல்லை.

ஒன்றரை அங்குலச் சட்டமென்றால் நான்கு பக்கமும் அந்த ஒன்றரை அங்குலம் வேண்டும். பின்னால் இழுத்து அடிக்க மேலும் கொஞ்சம். அந்தக்கால ஸ்டூடியோக்காரர் இதையெல்லாம் கண்டாரா, ஆட்களை விளிம்புவரை நிறுத்திவிட்டார். விளிம்பைக் கண்ணாடிபோலத் திருப்பி நீட்டுவது கடைகளின் வழக்கம். அப்படிச் செய்தால் பூட்டிக்கு இரண்டு தோள் முளைக்கும். ஆகவே முழுப்படத்தையும் முன்முகத்துக்குள் அடக்கி, பின்திரையின் சாம்பல் நிறத்தை மட்டும் வெளியே நீட்டினோம். வெள்ளைக் கரையோடும் பின்புற முத்திரையோடும் எடுத்த ஸ்கேன் தனியே இருக்கிறது. அதில் கைவைக்கவில்லை.