கோழி நம்முடையது, மண்?

தோழர்களே, புறக்கடையில் நாலு கோழி, ஒரு கீரைப் பாத்தி. இதில் என்ன வரலாறு என்று தோன்றலாம். இருக்கிறது. அமெரிக்காவின் வர்ஜீனியாவில் 1692இல் வந்த சட்டம், அடிமைகள் வைத்திருந்த குதிரை, மாடு, பன்றியை எசமானுக்கே சொந்தமாக்கியது. கோழி மட்டும் அந்தப் பட்டியலில் இல்லை.

1798இல் முன்னாள் அதிபர் ஜார்ஜ் வாஷிங்டனின் மவுண்ட் வெர்னன் பண்ணைக்குப் போன போலந்து எழுத்தாளர் நியெம்செவிச், அடிமைகளின் குடிசையருகே சிறு காய்கறித் தோட்டத்தையும் ஐந்தாறு கோழிகளையும் கண்டார். வாத்தும் பன்றியும் வளர்க்க அவர்களுக்கு அனுமதி இல்லை என்றும் எழுதிவைத்தார்.

திங்கள் முதல் சனி வரை, விடிந்ததிலிருந்து இருட்டும்வரை எசமானின் வயல். சொந்தப் பாத்திக்கு இரவும் ஞாயிறும்தான். பகல் சுருங்கும் குளிர்காலத்தில் கோழி முட்டையிடுவது குறையும். குளிர் முடியும் வாரங்களில் பகல் நீளும்போது மறுபடி இடத் தொடங்கும். மக்காச்சோள மாவும் உப்புமீனும் படியளக்கப்பட்ட குடிசையில் அந்த முட்டைதான் ருசி. அலெக்சாந்திரியா சந்தையில் அதுதான் காசு.

இதை எசமானின் தயவு என்று படிக்காதீர்கள். அவர்கள் தோட்டம் போட்டால் அவருக்குப் படி மிச்சம். கோழி கிளறிய மண்ணும் அவருடையது. சட்டத்தின் கண்ணில் அதை வளர்த்தவர்களே சொத்து.

அனுமதி வேறு, உரிமை வேறு. 1873இல் ஜோதிராவ் புலே தன் ‘குலாம்கிரி’ நூலை, அடிமை முறையை ஒழிக்கப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். அங்குள்ள விலங்கும் இங்குள்ள விலங்கும் அவருக்கு ஒன்றாகவே தெரிந்தன.

உங்கள் சேரியிலும் புறக்கடைகள் உண்டு. கோழி நம்முடையதுதான். மனைப் பட்டா யார் பெயரில்? விசாரித்துப் பாருங்கள்.