நடக்காததை நினைத்து நடுங்கும் மனம்

வளைகுடாவில் வேலை பார்க்கும் மகன் இரவில் போனை எடுக்கவில்லை. "அசந்து தூங்கியிருப்பான்" என்கிறார் வாப்பா. உம்மாவின் மனமோ விபத்து, ஆஸ்பத்திரி, ஜனாஸா வரை போய்விடுகிறது. காலையில் மகனே அழைக்கிறான்; போனில் சார்ஜ் இல்லையாம். நம் வீடுகளில் அடிக்கடி நடப்பதுதான் இது.

சிறிய அறிகுறியைக் கண்டதும் மிக மோசமான முடிவுக்குத் தாவுவது மனதின் ஒரு பழக்கம். அதைப் பயிற்சியால் மாற்ற முடியும். ஆனால் நம்மில் பலர், பயப்படுபவரைப் பார்த்து "உனக்கு ஈமான் குறைவு" என்று சொல்லிவிடுகிறோம். அதனால் அவர் பயத்தை வெளியே சொல்லாமல் மறைக்கிறார். அது உள்ளேயே வளர்கிறது.

சூனியக்காரர்களின் கயிறுகளும் தடிகளும் ஊர்ந்து வருவதுபோல் தோன்றியபோது, மூஸா (அலை) அவர்களும் தம் மனதில் அச்சத்தை உணர்ந்தார்கள் என்று குர்ஆன் (20:66, 67) கூறுகிறது. அவர்களை அல்லாஹ் கண்டிக்கவில்லை. தைரியம் சொல்லி, கையில் இருப்பதைப் போடுமாறு கட்டளையிட்டான். ஆக, பயம் வருவது குற்றமல்ல. அந்த நேரத்தில் நம் கையில் இருக்கும் காரியத்தைச் செய்ய வேண்டும்.

பல்க் பகுதியைச் சேர்ந்த அறிஞர் அபூ ஸைத் அல்பல்கீ (கி.பி. 850–934), உடல் நலத்தையும் மன நலத்தையும் சேர்த்து ஒரே நூலில் எழுதியவர். திடீர் நோய்க்காக வீட்டில் மருந்து வைத்திருப்பதைப் போல, மனம் அமைதியாக இருக்கும்போதே நல்ல சிந்தனைகளைச் சேமித்து வைக்க வேண்டும் என்பது அவருடைய அறிவுரை. 1960-களில் ஆரோன் பெக் உருவாக்கிய அறிவாற்றல் சிகிச்சையும் எண்ணங்களைச் சோதித்துப் பார்க்கவே கற்றுத்தருகிறது.

அமைதியான நேரத்தில் ஒரு நோட்டில் நான்கு கேள்விகளை எழுதி வைப்போம்:

1. நமக்கு உறுதியாகத் தெரிந்தது என்ன? (போனை எடுக்கவில்லை.)
2. மனம் கூட்டிச் சேர்த்தது என்ன? (விபத்து.)
3. வேறு காரணங்கள் இருக்கலாமா? (தூக்கம், நைட் ஷிப்ட், சார்ஜ்.)
4. இப்போது செய்யக்கூடியது என்ன? (அறை நண்பருக்கு ஒரு செய்தி, பிறகு துஆ.)

பயம் வரும்போது இந்த நோட்டைத் திறந்து பதில் எழுதுவோம். முன்பு பயந்தவற்றில் எத்தனை நடந்தன என்றும் குறித்து வைப்போம்.

வாரக்கணக்கில் தூக்கம் கெட்டு, அன்றாட வேலையும் தடைபட்டால் மனநல மருத்துவரைப் பார்ப்பதில் வெட்கம் வேண்டாம். இந்தியாவில் இருப்பவர்கள் 14416 என்ற டெலி மானஸ் இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம். மருந்து தேடுவது தவக்குலுக்கு எதிரானது அல்ல.

அல்லாஹ் நம் உள்ளங்களுக்கு அமைதியைத் தருவானாக. ஆமீன்.