பீரோ தமிழான கதை

பட்டுக்கோட்டைப் பக்கம் கல்யாணச் சீர் பேசினால் கட்டிலோடு பீரோவும் பேச்சில் வந்துவிடும். பிரெஞ்சுக்காரர்களின் ‘பூரோ’தான் இந்தச் சொல். தொடக்கத்தில் அது மரச்சாமானே அல்ல. ‘பூரெல்’ என்ற முரட்டுக் கம்பளித் துணி. எழுதுமேசைமேல் விரித்த துணியின் பெயர் மேசைக்கு ஆயிற்று. மேசையின் பெயர் அது கிடந்த அறைக்கும், பிறகு அலுவலகத்துக்கும் ஆயிற்று. 18-ஆம் நூற்றாண்டில் அதிலிருந்தே அதிகார வர்க்கத்தைச் சுட்டும் ‘பியூரோக்ரசி’ பிறந்தது. ஆங்கிலேயருக்கு ‘பூரோ’ இழுப்பறை வைத்த எழுதுமேசை. அமெரிக்கருக்குத் துணி வைக்கும் இழுப்பறைப் பெட்டி. நமக்கோ பூட்டுப் போட்ட அலமாரி.

1739-இல் தஞ்சை மராத்தியரிடமிருந்து பெற்ற காரைக்கால் 1954 வரை பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. டெல்டாவுக்குள்ளேயே இருக்கும் அந்த ஊர் வழியாகத்தான் சொல் வந்தது என்று சொல்லத் தோன்றும். ஆனால் பிரெஞ்சு நிர்வாகத்தில் ‘பூரோ’ என்றால் முதலில் அலுவலகம். அந்த வழியில் வந்திருந்தால் அந்தப் பொருளும் நம் பேச்சில் தங்கியிருக்க வேண்டும். மேலும், தெலுங்கில் ‘பீருவா’, கன்னடத்தில் ‘பீரு’ என்று இதே பொருளில் வழங்குகிறது. கன்னட நாட்டில் பிரெஞ்சுக் குடியேற்றம் எதுவும் இருந்ததில்லை. ஆகவே, வேர் பிரெஞ்சு என்றாலும், நம்மிடம் கொண்டுவந்து சேர்த்தது ஆங்கிலேயர் வீட்டுச் சாமான் என்பதே பொருந்துகிறது.

‘அலமாரி இருக்க பீரோ எதற்கு, அதுவும் பொருள் மாறி?’ என்று கேட்கலாம். அலமாரியும் போர்த்துக்கீசியர் தந்ததுதான். சுவரில் பதித்த தட்டுகளுக்கும் அலமாரி என்றே பெயர். மூடி தூக்கும் மரப்பெட்டியும் டிரங்குப் பெட்டியும் வேறு. 1923-இல் கோத்ரேஜ் இரும்பு அலமாரி செய்யத் தொடங்கியது. அப்படி ஆளுயரத்தில் நின்று, கதவில் கைப்பிடியும் உள்ளே தனிச் சாவியுள்ள லாக்கரும் கொண்ட சாமானுக்குத் தனிப்பெயர் தேவைப்பட்டது. நெல் விற்ற பணம், நிலப்பத்திரம், நகை, அந்துருண்டை வாசத்தோடு பட்டுச் சேலை எல்லாம் அதற்குள் அடங்கின. எழுதுமேசையை விட்டுவிட்டு, பூட்டி வைப்பதை மட்டும் தமிழர் எடுத்துக்கொண்டார்கள். கம்யூனிஸ்ட் இயக்கம் வேரூன்றிய இதே மண்ணில் மேடையில் ‘பொலிட்பீரோ’ என்றால் கட்சித் தலைமைக்குழு என்று எல்லோருக்கும் புரியும், யாரும் குழம்புவதில்லை. துணி மேசையானபோது பிரெஞ்சுக்காரர் செய்ததையே நாமும் செய்தோம். அது பிழை இல்லை என்றால் இதுவும் பிழை இல்லை. பீரோ தமிழ்ச்சொல்தான், அகராதியில் அதற்குரிய இடத்தைத் தயங்காமல் கொடுக்க வேண்டும்.