அணுகல் கட்டுப்பாட்டுப் பட்டியல்: சி மொழிப் பிரயோகம்

கணினியில் உள்ள ஒரு கோப்பை யார் வாசிக்கலாம், யார் எழுதலாம், யார் இயக்கலாம் என்னும் உரிமைகளை ஆள்வாரியாகவும் குழுவாரியாகவும் குறித்து, அக்கோப்போடு சேர்த்தே காக்கப்படும் பதிவுகளின் தொகுதி அணுகல் கட்டுப்பாட்டுப் பட்டியல் எனப்படும். 1960-களில் உருவான மல்டிக்ஸ் அமைப்பிலேயே இது இருந்தபோதிலும், பின்னர் எளிமையையே விரதமாகக் கொண்டு தோன்றிய யூனிக்ஸ் அதை விடுத்து, உடையவர், குழு, ஏனையோர் என்ற மூவகையினருக்கும் மும்மூன்றாக 9 அனுமதிக் குறிகளோடு திருப்தி அடைந்தது.

அந்த ஒன்பது குறிகள் எங்கே போதாமற்போகின்றன என்பதை வீரகேரளம்புதூர் போன்ற ஒரு வட்டத் தலைமையிடத்தை மனத்திற்கொண்டால் எளிதில் உணரலாம். ஊற்றுமலை ஜமீனின் அரண்மனை இருந்த அவ்வூர், 2019 நவம்பர் 22-இல் உதயமான தென்காசி மாவட்டத்தின் வட்டங்களுள் ஒன்றற்குத் தலைமையிடமாகும். அத்தகைய அலுவலகத்தில் ஒரு கிராமத்தின் பயிர்க் கணக்கான அடங்கல் கணினிக் கோப்பாக இருப்பதாகவும், வட்டாட்சியர் அதற்கு உடையவர் என்றும், வருவாய்ப் பிரிவினர் குழுவாக நின்று அதை வாசிப்பர் என்றும் உதாரணத்திற்காகக் கொள்வோம். அக்கிராமத்து நிர்வாக அலுவலர் ஒருவருக்கு மட்டும் எழுதும் உரிமையும், தணிக்கைக்கு வரும் ஒருவருக்கு வாசிக்கும் உரிமையும் தர வேண்டுமாயின், பழைய ஏற்பாட்டில் கோப்புக்கு ஒரே குழுதான் என்பதால், புதுப்புதுக் குழுக்களைப் படைத்தாலும் அது முழுமையாகக் கைகூடாது. பட்டியலிலோ இரண்டு பதிவுகள் சேர்த்தால் காரியம் முடிந்துவிடும்.

இதற்குப் பொது விதி வகுக்க முயன்ற போசிக்ஸ் 1003.1இ நகல், 17-ஆம் வரைவோடு 1998-இல் கைவிடப்பட்டது. எனினும் லினக்ஸ் அவ்வரைவையே பின்பற்றி, 2003-இல் வெளியான 2.6 கர்னலில் இவ்வசதியை அளித்தது. டெபியனை ஆதாரமாகக் கொண்டு சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸிலும் இதே வசதி உண்டு.

சி நிரலில் ஏசிஎல்_கெட்_ஃபைல் என்னும் சார்பு கோப்பின் பட்டியலை நினைவகத்திற்குக் கொணரும். ஏசிஎல்_கிரியேட்_என்ட்ரி புதிய பதிவைத் திறக்க, அது எவ்வகைப் பதிவு, யாருடையது, என்ன உரிமை என்பவை தனித்தனிச் சார்புகளால் நிரப்பப்பட்டு, முடிவில் ஏசிஎல்_செட்_ஃபைல் முழுப் பட்டியலையும் கோப்பில் ஏற்றும். இவ்வாறு பெற்ற நினைவகப் பகுதியையும், பட்டியலை உரைவடிவாக்கும் ஏசிஎல்_டு_டெக்ஸ்ட் தரும் நினைவகப் பகுதியையும் ஏசிஎல்_ஃப்ரீ கொண்டே விடுவிக்க வேண்டும்.

பெயர் சுட்டிய பதிவு ஒன்றேனும் உள்ள பட்டியலில், மாஸ்க் எனப்படும் உச்சவரம்புப் பதிவு கட்டாயம்; அது இல்லாத பட்டியலைக் கர்னல் ஏற்காது. உடையவரும் ஏனையோரும் நீங்கலாக, மற்றெல்லாருடைய உரிமையும் இவ்வரம்புக்கு உட்பட்டதே. ஆகவே பட்டியலில் எழுதும் உரிமை பெற்றவரும், வரம்பு வாசிப்பதோடு நின்றுவிட்டால், எழுத இயலாது. எல்எஸ் கட்டளை குழுவுக்குரிய இடத்தில் காட்டுவதும், சிஎச்மோட் அவ்விடத்தில் மாற்றுவதும் அப்போது இவ்வரம்பையேயன்றிக் குழுவின் உரிமையை அன்று. பழைய நிரல்கள் பழுதின்றி இயங்கவேண்டும் என்பதற்காகச் செய்துகொண்ட இச்சமரசமே, என் கருத்தில், இவ்விஷயம் முழுவதிலும் மிகக் கவனமாகக் கற்கவேண்டிய பகுதி.

ஆண்டு வருவாய்க் கணக்குத் தணிக்கையான ஜமாபந்தி நடக்கும் நாட்களில் அடங்கலை யாரும் திருத்தலாகாது என்று கருதி, வட்டாட்சியர் வரம்பை வாசிப்பு மட்டும் என்று குறைத்துவிடுவதாக வைத்துக்கொள்வோம். பிறகு தணிக்கையாளரைச் சேர்ப்பதற்காக அவர் இயக்கும் ஒரு நிரல், வழக்கம்போல் ஏசிஎல்_கால்க்_மாஸ்க் சார்பை அழைக்கிறது. அச்சார்போ குழு முதலிய பதிவுகள் அனைத்தின் உரிமைகளையும் கூட்டி வரம்பை மீண்டும் வகுப்பதாகையால், தணிக்கையாளருக்கு வாசிக்கும் உரிமை கிடைத்த அதே கணத்தில், கிராம நிர்வாக அலுவலரின் எழுதும் உரிமையும் ஒருவரும் அறியாமல் உயிர்பெற்றுவிடும். ஆதலால், முன்னரே இருந்த வரம்பை வாசித்து வைத்துக்கொண்டு, அதை விரிவாக்குவது கருதிச் செய்யும் செயலா என்று நிரலே பரிசோதிப்பது அவசியம்.

அனுமதியைத் தேடும் வரிசையிலும் ஒரு விசேஷம் உண்டு. உடையவர் முதலிலும், பெயர் சுட்டியவர் அடுத்தும், குழுக்கள் அதன் பின்னும், ஏனையோர் இறுதியிலும் பார்க்கப்படுவர். ஒருவர் பெயர் பட்டியலில் இருந்து உரிமை இல்லாது போனால், அவர் சார்ந்த குழுவின் உரிமை அவருக்கு உதவாது.

இரு நிரல்கள் ஒரே பட்டியலை ஏககாலத்தில் திருத்தினால், பிந்தியது முந்தியதை அழித்துவிடும். கோப்புப் பூட்டு அதற்குத் தக்க காப்பு, ஆனால் இரண்டும் அதை மதித்து நடக்கவேண்டும். பாதையைக் கொண்டு அன்றி, திறந்த கோப்பின் எண்ணைக் கொண்டு ஏசிஎல்_செட்_எஃப்டி வழியே எழுதுவது, இடையில் வேறொரு கோப்பு அப்பெயருக்கு மாற்றப்படும் அபாயத்தையும் தவிர்க்கும்.

1993-இல் வெளிவந்த விண்டோஸ் என்டியின் முறை வேறு. அதில் பதிவுகளின் வரிசையே முடிவைத் தீர்மானிப்பதால், மறுப்புகள் முன்னே நிற்பது மரபு. பட்டியல் காலியாக இருந்தால் எவருக்கும் அனுமதியில்லை, பட்டியலே இல்லாவிட்டால் எல்லாருக்கும் அனுமதி. 2011 முதல் தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் அலுவலகம் நடத்திவரும் ஜோஹோ நிறுவனத்தின் மேனேஜ்என்ஜின் பிரிவு, விண்டோஸ் அடைவுகளில் யாருக்கு என்ன உரிமை உள்ளது என்று ஆராய்ந்து காட்டும் மென்பொருள்களை விற்பனை செய்கிறது.