விழுப்புரம் வட்டார இருளரும் அரசமைப்பு ஏற்பும்

இருளர் தமிழ்நாட்டின் வட மாவட்டங்களிலும் நீலகிரி, கோவை மலைப்பகுதிகளிலும் வாழும் பழங்குடியினர். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இவர்கள் ஏறத்தாழ 1.9 லட்சம் பேர். தமிழ்நாட்டுப் பழங்குடிகளில் மலையாளிகளுக்கு அடுத்த பெரிய இனம் இது. விழுப்புரம் மாவட்டத்தின் மேல்மலையனூர், செஞ்சி, திண்டிவனம் வட்டங்களில் ஏரிக்கரைகளிலும் ஊரோரங்களிலும் சிறு சிறு குடியிருப்புகளாக வாழ்கின்றனர். எலி, பாம்பு பிடித்தலும் தேன், மூலிகை சேகரித்தலும் இவர்களின் பழைய தொழில்கள். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பின் பாம்புத்தோல் வணிகம் நின்றது. பலர் செங்கல் சூளை, மரம் வெட்டுதல், விவசாயக் கூலி என்று மாறினர்.

அரசமைப்பு அவையில்

பழங்குடிகளைத் தனியே குறிப்பிடுவது நாட்டின் ஒற்றுமையைக் குலைக்குமா என்பது விடுதலைக் காலத்திலேயே எழுந்த கேள்வி. சமூகவியலாளர் ஜி. எஸ். குர்யே அவர்களைப் பின்தங்கிய இந்துக்களாகவே கண்டார். வெரியர் எல்வின் அவர்களின் தனித்தன்மை காக்கப்பட வேண்டும் என்றார். 1946 டிசம்பர் 19 அன்று அரசமைப்பு அவையில் பேசிய ஜெய்பால் சிங் முண்டா, இந்நாட்டின் முதற்குடிகள் தம் மக்களே என்று நினைவூட்டினார். ஆயினும் புதிய இந்தியாவின் குறிக்கோள் தீர்மானத்தை ஆதரித்தார். தனி அடையாளமும் நாட்டு ஒற்றுமையும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதே அவர் நிலைப்பாட்டின் சாரம்.

அவை முடிவில் ஏற்றது பட்டியல் முறை. உறுப்பு 342இன்படி, ஒவ்வொரு மாநிலத்துக்கும் உரிய பழங்குடிகளைக் குடியரசுத் தலைவர் அறிவிப்பார். அதன்பின் ஒரு பெயரைச் சேர்க்கவோ நீக்கவோ நாடாளுமன்றச் சட்டம் வேண்டும். 1950இல் வெளியான முதல் ஆணையிலேயே சென்னை மாநிலப் பட்டியலில் இருளர் இடம்பெற்றனர்.

ஒரே மக்கள், இரு நிலைகள்

பட்டியல் மாநில எல்லைக்கு உட்பட்டது. விழுப்புரத்தை ஒட்டியுள்ள புதுச்சேரியில் வாழும் இருளர் வில்லி, வேட்டைக்காரன் என்ற பெயர்களாலும் அறியப்படுகின்றனர். அங்கே பழங்குடியினர் பட்டியலே இல்லாதிருந்தது. 2016 டிசம்பரில்தான் இவர்கள் பழங்குடியினராக அறிவிக்கப்பட்டனர். ஒரே குடும்பத்தின் ஒரு கிளை எல்லைக்கு இப்புறம் பழங்குடி. மறுகிளை 66 ஆண்டுகள் அவ்வாறில்லை.

நரிக்குறவர்களின் காத்திருப்பும் நீண்டது. அவர்களைச் சேர்க்கலாம் என 1965இல் லோகூர் குழு பரிந்துரைத்தது. அதற்கான சட்டம் 2022 டிசம்பரில்தான் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது.

சான்றிதழ் என்னும் தடை

பட்டியலில் இனத்தின் பெயர் இருந்தாலும், அதன் பயன் தனி ஒருவருக்குக் கிடைக்க இனச்சான்று வேண்டும். தமிழ்நாட்டில் பழங்குடியினருக்கான சான்றை 1989 நவம்பர் முதல் வட்டாட்சியர் வழங்க முடியாது. வருவாய்க் கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியரே வழங்க வேண்டும். மேல்மலையனூர் வட்டத்து மாணவர் செஞ்சியைக் கடந்து திண்டிவனம் கோட்ட அலுவலகத்தை நாட வேண்டியுள்ளது.

பழங்குடியல்லாதோர் போலிச் சான்று பெறுவதைத் தடுக்கவே விதிகள் இறுகின. 1994இல் மாதுரி பாட்டீல் வழக்கில் உச்ச நீதிமன்றம் சான்றுகளைச் சரிபார்க்கக் குழுக்கள் அமைக்கச் சொன்னது. ஆனால் இந்த இறுக்கத்தின் சுமை உண்மையான பழங்குடியினர் மேலும் விழுந்தது. பெற்றோருக்குச் சான்று இல்லை, நிலப்பட்டா இல்லை, வேலை தேடி ஊர் ஊராகச் செல்வதால் பள்ளிப் பதிவும் தொடர்ச்சியாக இல்லை. லோகூர் குழு பழங்குடிக்கு வகுத்த அளவுகோல்களில் புவியியல் தனிமையும் பிறரோடு பழகக் கூச்சமும் அடங்கும். ஊரோரத்தில் தமிழ் பேசி, சூளையில் வேலை செய்யும் இருளர் அந்தப் படிமத்துக்குள் எளிதில் அடங்குவதில்லை. சான்று தாமதமானால் கல்வி உதவித்தொகையும் இடஒதுக்கீடும் கைநழுவும்.

திண்டிவனத்தில் பேராசிரியர் பிரபா கல்விமணி முன்னின்று தொடங்கிய பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் இனச்சான்று, வீட்டுமனைப் பட்டா, கொத்தடிமை மீட்பு, பொய்வழக்கு ஆகியவற்றைக் கையிலெடுத்தது. அந்த இருளர்கள் கேட்டது தனி ஆட்சியையோ தனி நிலத்தையோ அல்ல. 1950இல் அரசே எழுதிவைத்த ஒரு பெயர் தம் பிள்ளைகளின் கையில் காகிதமாகக் கிடைக்க வேண்டும் என்பதையே.