மாடிப்படி மருந்தான கதை

ஆஸ்திரியாவின் ஹால்ஸ்டாட் உப்புச் சுரங்கத்தில் ஒரு மரப் படிக்கட்டு கிடைத்தது. எட்டு மீட்டர் நீளம், இரண்டு பேர் அருகருகே போகும் அகலம். மரத்தின் வளையங்களை எண்ணிப் பார்த்தபோது, அது கி.மு. 1344ஐ ஒட்டி வெட்டப்பட்ட மரம் என்று தெரிந்தது. ஐரோப்பாவில் இதுவரை கிடைத்த மரப் படிக்கட்டுகளில் இதுவே மிகப் பழையது. சுரங்கம் எந்தச் சாய்வில் இறங்கினாலும் மிதிபலகை மட்டமாக நிற்கும்படி திருப்பி வைத்துக்கொள்ள வசதி உண்டு. உப்பைச் சுமந்துகொண்டு நாள் முழுக்க அதில் ஏறி இறங்கியவர்களுக்குத் தனியாக உடற்பயிற்சி எதற்கு?

படி ஏறுவது உடற்பயிற்சி ஆனது மிகச் சமீபத்தில்தான். அதற்கு முன்னால் அது கூலி வேலையாக இருந்தது. அப்புறம் தண்டனையாகவும் இருந்தது.

நடுவே ஒரு பிரெஞ்சுக்காரரைச் சொல்லிவிட வேண்டும். 17ஆம் நூற்றாண்டில் பிரான்சுவா புளோந்தெல் என்ற கட்டடக்கலைஞர் மனிதனின் நடை எட்டை அளந்து ஒரு கணக்குப் போட்டார்: படியின் உயரத்தை இரட்டித்து, அதோடு மிதியின் அகலத்தைக் கூட்டினால் 24 அங்குலம் வர வேண்டும். நம் ஊர்க் கொத்தனார் புளோந்தெல் பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார். ஆனாலும் அவர் வைக்கும் ஏழு அங்குல உயரமும் பத்து அங்குல மிதியும் அதே 24இல்தான் போய் நிற்கின்றன.

இனி தண்டனைக்கு வருவோம். 1818இல் இங்கிலாந்தின் பரி செயின்ட் எட்மண்ட்ஸ் சிறையில் கைதிகள் வேலையின்றிச் சும்மா நிற்பது அதிகாரிகளின் கண்ணை உறுத்தியது. அதற்கு வழி சொன்னவர் வில்லியம் கியூபிட் என்ற பொறியாளர். மாவு ஆலைக்காரரின் மகன். புத்தியும் ஆலைப் பக்கமே போனது. நீண்ட உருளை ஒன்றைச் செய்து அதன் மேல் வரிசையாகப் படிகளைப் பதித்தார். கைதிகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு மிதிக்க மிதிக்கப் படி கீழே போகும், அடுத்த படி வரும். மாடி மட்டும் வராது! அந்தச் சுழற்சியில் தானியம் அரைபடும். அரைக்க ஒன்றும் இல்லாத சிறைகளில் சக்கரம் வெறும் காற்றை அரைத்தது. லண்டனின் பிரிக்ஸ்டன் சிறை அதை நகலெடுத்தது; அட்லாண்டிக்கைத் தாண்டி நியூயார்க்கும் எடுத்தது. 1895இல் ஆஸ்கார் வைல்டும் இந்தச் சக்கரத்தில் ஏறியிருக்கிறார். ஜிம்மில் நாம் சந்தா கட்டி ஓடும் டிரெட்மில்லுக்குப் பெயர் கொடுத்தது இதுதான்.

இந்தக் கொடுமையிலிருந்து ஒரு விஞ்ஞானம் பிறந்தது என்பதுதான் வேடிக்கை. 1850களின் பிற்பகுதியில் எட்வர்ட் ஸ்மித் என்ற லண்டன் மருத்துவர் கோல்ட்பாத் ஃபீல்ட்ஸ் சிறைக்குப் போனார். மூச்சை அளக்கும் கருவியை முகத்தில் மாட்டிக்கொண்டு தாமே சக்கரத்தில் ஏறினார். ஏற ஏற அவர் வெளிவிட்ட கரியமில வாயு எகிறியது. கைதிகளின் சிறுநீரையும் சோதித்தார். அதில் வெளியேறும் யூரியா மட்டும் பெரிதாக மாறவில்லை. உழைக்கும்போது தசையே எரிகிறது, அதாவது புரதம்தான் எரிபொருள் என்று அன்றைய பெரிய வேதியியலாளர் லீபிக் சொல்லிக்கொண்டிருந்தார். சிறைக்கணக்கு அதோடு ஒத்துவரவில்லை.

1865இல் அடோல்ஃப் ஃபிக், யோகான்னஸ் விஸ்லிசெனுஸ் என்ற இரு பேராசிரியர்கள் இதை மலையில் சோதிக்கக் கிளம்பினார்கள். மாவுச்சத்தும் கொழுப்பும் கலந்த பண்டத்தை மட்டும் தின்றுவிட்டு, சுவிட்சர்லாந்தின் ஃபவுல்ஹார்ன் மலையில் ஏறத்தாழ 2,000 மீட்டர் ஏறினார்கள். வழியெல்லாம் சிறுநீரைப் புட்டிகளில் சேகரித்தார்கள். அவர்கள் உடலில் எரிந்த புரதம், அந்த உயரத்துக்கு அவர்களைத் தூக்கிவிடவே போதாது என்று கணக்கு காட்டியது. ஏற்றத்தில் எரிவது முக்கியமாக மாவும் கொழுப்பும் என்ற முடிவுக்கு வழி திறந்தது. படி ஏறினால் கொழுப்பு கரையும் என்று இன்று சொல்கிறோமே, அந்த நம்பிக்கையின் முதல் ஆதாரங்கள் சிறையிலும் மலையிலும் சேகரிக்கப்பட்டவை.

ஆதாரம் கிடைத்ததும் வைத்தியம் வந்துவிட்டது. 1880களில் மியூனிக் மருத்துவர் மாக்ஸ் யோசெஃப் ஓர்டெல், பருத்த உடலுக்கும் பலவீனமான இதயத்துக்கும் மேடு ஏறுவதையே மருந்தாக எழுதிக் கொடுத்தார். மெரான், ரைக்கன்ஹால் போன்ற ஊர்கள் நடைபாதைகளைச் செங்குத்துக்கேற்பத் தரம் பிரித்து வைத்துப் பணக்கார நோயாளிகளை அழைத்தன. மேடு இல்லாத ஊரில் மாடிதானே மேடு?

ஆனால் அந்த மாடிக்கே அப்போது ஒரு போட்டி வந்திருந்தது. 1857இல் நியூயார்க்கின் பிராட்வேயில் ஒரு கடையில் ஓட்டிஸ் நிறுவனம் பயணிகளுக்கான லிஃப்டை நிறுவியிருந்தது. கட்டடங்கள் வளர வளர, படிக்கட்டு நடுக்கூடத்திலிருந்து பின்கட்டுக்குத் தள்ளப்பட்டது. கட்டாயம் போனதும் ஏறுவது விளையாட்டாகிவிட்டது. 1905இல் பாரிஸில் ஒரு விளையாட்டுப் பத்திரிகை ஈஃபில் கோபுரப் படிகளில் போட்டி வைத்தபோது இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் ஓடினார்கள். 1978இல் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் 1,576 படிகளுக்கும் பந்தயம் வந்தது.

மருத்துவர்களோ படியை அளவுகோலாக்கினார்கள். 1929இல் ஆர்தர் மாஸ்டர் ஒன்பது அங்குல உயரத்தில் இரண்டே இரண்டு படிகளைச் செய்து இதய நோயாளிகளை ஏறி இறங்கச் சொன்னார். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஹார்வர்டில் 20 அங்குலப் பெட்டி வந்தது: நிமிடத்துக்கு 30 முறை வீதம் ஐந்து நிமிடம் ஏறி இறங்கி, பிறகு நாடித்துடிப்பை எண்ணுவது. ஹார்வர்டு ஸ்டெப் டெஸ்ட் என்று நம் பிள்ளைகளின் உடற்கல்விப் பாடத்திலும் அது இருக்கிறது.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்த ஆள் மருத்துவ ஆய்வாளர் ஜெரமி மோரிஸ். போருக்குப் பிந்தைய லண்டனில் மாரடைப்பு பெருகியது, காரணம் புரியவில்லை. மோரிஸ் பார்த்தது இரண்டடுக்குப் பேருந்தை. ஒரே வண்டி, ஒரே புகை, ஏறத்தாழ ஒரே சம்பளம். ஓட்டுநர் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறார். நடத்துநரோ டிக்கெட் கொடுக்க மேல்தளத்துக்கும் கீழ்தளத்துக்குமாக ஒரு நாளில் ஐந்நூறு, அறுநூறு படிகள் ஏறுகிறார். ஏறத்தாழ 31,000 போக்குவரத்து ஊழியர்களின் பதிவுகளைக் குடைந்து 1953இல் லான்செட் இதழில் முடிவை வெளியிட்டார். நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவு. வந்தாலும் தாமதமாக வந்தது, உயிர்ப்பலியும் குறைவு.

குண்டாக இருப்பவர்கள் ஓட்டுநர் வேலையைத் தேடிப் போகிறார்களோ என்ற கேள்வி எழுந்தது. அதற்கு மோரிஸ் தேடிப் போன சாட்சி தையற்காரர்! ஊழியர்களுக்குச் சீருடை தைத்த அளவுக் கணக்குகளிலிருந்து கால்சட்டை இடுப்பளவுகளைத் திரட்டினார். ஓட்டுநர்களின் இடுப்பு பெரிதுதான். ஆனால் ஒல்லியோ பருமனோ, எந்த இடுப்பளவில் ஒப்பிட்டாலும் நடத்துநருக்கே ஆபத்து குறைவு. அதாவது, எடை இறங்காவிட்டாலும் ஏறிய படி இதயத்தின் கணக்கில் வரவாகிவிடுகிறது. மோரிஸ் 2009இல் இறந்தபோது அவருக்கு வயது 99.

பிறகு வியாபாரிகள் வராமல் இருப்பார்களா? 1983இல் அமெரிக்காவின் டல்சா நகரில் ஸ்டேர்மாஸ்டர் பிறந்தது: ஏற ஏறப் படி கீழே இறங்கும் இயந்திரம். கியூபிட் பார்த்திருந்தால் காப்புரிமை கேட்டிருப்பார். 1980களின் கடைசியில் ஜின் மில்லர் என்ற பயிற்சியாளருக்கு முழங்காலில் அடிபட, பால் கூடையைக் கவிழ்த்துப் போட்டு ஏறி இறங்கும்படி மருத்துவர் சொன்னார். அந்தக் கூடையிலிருந்து ஸ்டெப் ஏரோபிக்ஸ் வந்தது. ரீபாக் நிறுவனம் அதை பிளாஸ்டிக் பலகையாக்கி விற்றது. மற்றவர்கள் அதைப் பார்த்து விற்றார்கள்.

காசில்லாத வழியும் தேடப்பட்டது. 1980இல் அமெரிக்க உளவியலாளர் கெல்லி பிரவுனெல், எஸ்கலேட்டரும் படியும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் இடங்களில் இதயப் படம் போட்ட ஓர் அறிவிப்பை வைத்தார். படியில் ஏறுவோர் இருமடங்குக்கு மேல் ஆனார்கள். அறிவிப்பை எடுத்ததும் மெல்லக் குறைந்தார்கள். 2009இல் ஸ்டாக்ஹோமின் ஊடன்பிளான் நிலையத்தில் படிகளைப் பியானோ கட்டைகளாக்கினார்கள். அது ஒரு கார் நிறுவனத்தின் விளம்பரம்! பல ஊர்கள் அதை நகலெடுத்தன. சென்னை சென்ட்ரல் மெட்ரோவிலும் இசைப் படிகள் வந்தன.

சரி, எடை குறையுமா? 70 கிலோ ஆள் ஒரு மாடி ஏறினால் செலவாவது சுமார் இரண்டு கலோரி. ஒரு மெதுவடையைச் சரிக்கட்ட நாற்பது மாடிகளாவது ஏற வேண்டும். தினமும் இருபது மாடி ஏறி, வாயையும் கட்டினால் ஆறு மாதத்தில் ஒரு கிலோ குறையலாம். ஜெனிவா பல்கலைக்கழக மருத்துவமனையில் 77 ஊழியர்கள் 12 வாரம் லிஃப்டைத் தவிர்த்தார்கள். எடை ஒரு சதவீதம்கூடக் குறையவில்லை. ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறனோ எட்டு சதவீதத்துக்கு மேல் கூடியது. இளைக்க ஆசைப்பட்டு ஏறுகிறவர் இரண்டே வாரத்தில் விட்டுவிடுவார் என்பது என் கணிப்பு. மூச்சுக்காக ஏறுகிறவர் தாக்குப்பிடிப்பார்.

இறங்குவதையும் குறைவாக எண்ண வேண்டாம். தைவானில் எடை மிகுந்த முதிய பெண்களில் ஒரு குழுவை 12 வாரம் லிஃப்டில் ஏறிப் படியில் இறங்க மட்டும் வைத்தார்கள்; இன்னொரு குழுவைப் படியில் ஏற மட்டும் வைத்தார்கள். ஏறிய குழுவைவிட இறங்கிய குழுவுக்கே கால் வலிமையும் எலும்பின் அடர்த்தியும் அதிகம் தேறின. முழங்கால் வலியோ நெஞ்சு அடைப்போ இருப்பவர்கள் முதலில் மருத்துவரைக் கேளுங்கள். மற்றவர்கள், அடுத்த குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் ஒரு கோரிக்கை வையுங்கள்: படிக்கட்டில் அடைத்து வைத்திருக்கும் பழைய சைக்கிள்களையும் அட்டைப் பெட்டிகளையும் எடுத்துவிட்டு, எரியாத பல்புகளை மாற்றச் சொல்லுங்கள்.