எட்டாண்டும் ஈராண்டும்

சென்னை பெசன்ட் நகரை ஒட்டிய மீனவர் குடியிருப்பான ஊரூர் ஒல்காட் குப்பத்துக்குப் பெயர் தந்த கர்னல் ஒல்காட், நியூயார்க்கில் வக்கீலாக இருந்தவர். 1894இல் அவர் இங்கே தொடங்கியது ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்கான இலவசப் பள்ளி. இன்று இந்தக் குப்பத்துக்குத் தேவைப்படுவது வக்கீல்கள். அவர்களை உருவாக்கும் இரண்டு திட்டங்களை ஒப்பிடலாம்.

ஒன்று, அமெரிக்காவில் கறுப்பின உரிமைகளுக்காக வழக்காடும் என்.ஏ.ஏ.சி.பி. சட்டப் பாதுகாப்பு நிதியம் 2021இல் அறிவித்த மார்ஷல்-மாட்லி உதவித்தொகை. சட்டப் படிப்பின் கட்டணம், தங்குமிடம், கோடை விடுமுறைப் பயிற்சி, படித்து முடித்தபின் ஈராண்டு ஃபெலோஷிப் எல்லாம் இதில் அடங்கும். கைம்மாறாக, தென் மாநிலங்களில் எட்டாண்டு இனநீதிக்காக வாதாட வேண்டும். இலக்கு 50 வக்கீல்கள்.

மற்றொன்று, வசதி குறைந்த இளம் வழக்கறிஞர்களுக்குத் தமிழ்நாடு அரசு ஈராண்டு தரும் மாதம் 3,000 ரூபாய். இது படிப்பு முடிந்தபின் தொடங்குகிறது. யாருக்காக வாதாட வேண்டும் என்று கேட்பதில்லை. பலரை எட்டக்கூடியது என்பது இதன் பலம். தொகைதான் போதாது: சென்னையில் ஜூனியருக்கு மாதம் 20,000 ரூபாயாவது தர வேண்டும் என்று 2024இல் உயர் நீதிமன்றமே சொன்னது.

கால அளவில்தான் பெரிய வேறுபாடு. அது ஏன் முக்கியம் என்பது குப்பத்து வழக்குகளைப் பார்த்தால் புரியும். மீனவர் தமிழ்நாட்டில் மிகப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருப்பதால், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்குமான வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் அவர்களுக்குக் கேடயமாகாது. அவர்கள் நம்பியிருப்பது கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளை. மீனவர் குடியிருப்பு, வலை உலர்த்தும் இடம், மீன் காயவைக்கும் களம் எல்லாம் வரைபடத்தில் குறிக்கப்பட வேண்டும் என்று அந்த விதிகளின் 2011 அறிவிக்கை சொன்னது. ஆனால் 2023இல் வெளியான கடலோர மேலாண்மை வரைவுத் திட்டத்திலும் பல விடுபட்டுள்ளன என்று மீனவர்கள் முறையிட்டார்கள். பன்னிரண்டு ஆண்டு இழுக்கும் சண்டையில், ஈராண்டு உதவி பெறும் ஜூனியர் கோப்பைப் படித்து முடிப்பதற்குள் வேறு வேலை தேட வேண்டியிருக்கும்.

அதற்காக ஒப்பந்தம் போட்டுக் கட்டிவைத்தால் போதும் என்றும் சொல்ல முடியாது. 1913இல் பரோடா மன்னரின் உதவித்தொகையில் படிக்கப் போன அம்பேத்கர், பத்தாண்டு சேவைக்கு ஒப்புக்கொண்டிருந்தார். 1917இல் வேலைக்கு வந்தவருக்கு, சாதியின் காரணமாக, நிலையாகத் தங்க ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை; வேலையை விட்டார். நிபந்தனை இருந்தது, அவரைத் தாங்க ஆளில்லை. அமெரிக்கத் திட்டம் பணத்தோடு பயிற்சியையும் அமைப்பின் துணையையும் சேர்த்துத் தருவதன் அருமை இங்கே விளங்கும்.

ஆக, தமிழ்நாடு தன் பரந்த வாசலை மூட வேண்டியதில்லை. தொகையை உயர்த்தி, கடலோர வழக்குகளை ஏற்க முன்வரும் சிலருக்கு மட்டும் எட்டாண்டாக நீட்டலாம். அப்படி வருபவர் குப்பத்துப் பெண்ணாகவே இருந்தால், வரைபடத்தில் எது விடுபட்டது என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்காது.